படத்தில் இல்லாத முடிவு

கதைக்காரி,

நீ நல்ல தூக்கத்தில் இருக்கிறாய், நான் பேக்கரிக்குக் கிளம்புகிறேன். காலையில் பிளம்பர் வருவார். மாடிச் சாவி ஃப்ரிட்ஜ் மேலே.

நேற்று நான் மறுபடியும் பாதிப் படத்தில் தூங்கிவிட்டதற்கு, "குறட்டை விடுற ஆளுக்கு இனிமே கதை சொல்ல மாட்டேன்" என்று கத்தினாயே, அதில் முக்கியமான விஷயத்தைச் சொல்லவே முடியவில்லை.

போன வாரம் கலங்கரை விளக்கப் படத்தின் மீதிக் கதையைச் சொன்னாய் அல்லவா? அதை அப்படியே பேக்கரியில் எங்கள் அடுப்புக்காரரிடம் சொன்னேன். "உங்க வீட்டம்மா எந்தப் படத்தப் பார்த்தாங்க?" என்று சிரித்துவிட்டு, கடைசி அரைமணியைப் போனில் போட்டுக் காட்டினார்.

அடிப்பாவி! கப்பல் மூழ்குகிறது, படம் முடிகிறது. தபால்காரி படகில் போய்க் கதாநாயகனை இழுத்து வருவதெல்லாம் உன் கைச்சரக்கா! எனக்குப் புல்லரித்துவிட்டது. அவர்கள் முடிவு சப்பென்று இருக்கிறது. போலீஸ் தொடரில் அந்தக் கிழட்டு நாய் பிழைத்ததும் உன்னால்தானா? வேண்டாம், சொல்லாதே.

அடுப்புக்காரர் இனி படமே பார்க்கமாட்டாராம். "உங்க வீட்டம்மா சொல்றதையே வந்து சொல்லுங்க, போதும்" என்கிறார்.

பி.கு: இன்று புதுத் தொடர் ஆரம்பம். கோபத்தை விடு, சேர்ந்து பார்ப்போம். சத்தியமாகப் பாதியில் தூங்கிவிடுவேன்.