பூட்ஸைக் கழற்றப் போன நேரம்

அன்புள்ள உமைராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் இடுப்பு வலி தேவலையா? கொல்லிமலையில் நான் சுகம். போனில் சிக்னல் இல்லாததால் இந்தக் கடிதம்.

இங்கே ராசப்பன் என்பவரின் சாமைக் காட்டில் ஒரு சின்ன பொக்லைன் பழுதாகி நின்றது. தூக்கிய கை மெல்ல மெல்லத் தானாகக் கீழே இறங்கியது. ஆயில் சரியாக இருந்தது, ஹோஸில் கசிவில்லை. சிலிண்டர் சீல்தான் தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். மண் அள்ளும் பக்கெட்டைத் தரையில் இறக்கிய பிறகே நட்டில் கை வைக்க வேண்டும். ஆனால் கீழே விளைந்த கதிர் நின்றது. நசுக்க மனம் வராமல், அந்தரத்திலேயே விட்டுவிட்டு அடியில் குனிந்து ஹோஸ் நட்டைப் பாதி தளர்த்தினேன்.

"ஏனுங்க, கதிர் நிக்கற காட்டுக்குள்ள பூட்ஸோட நிக்கறீங்களே! கழட்டிப்போட்டு வாங்க சாமி" என்றார் ராசப்பன்.

வரப்புக்குப் போனேன். இறுகிய லேஸ் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ஹோஸ் பிய்த்துக்கொண்டது. நான் குனிந்திருந்த இடத்தில் பக்கெட் விழுந்து பாதி புதைந்தது.

எனக்கு ஒன்றுமில்லை. வாப்பாவிடம் சொல்லாதே. லேஸை அறுத்துவிட்டேன்; புதிதாக ஒன்று அனுப்பு, கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாயும்.

அடுத்த வாரம் இதே மலையில் குண்டனி நாடு என்ற பகுதியில் இன்னொரு வண்டி, இதே கோளாறு. ஸ்பேனரை எடுக்கிறேன், திரும்பப் பையிலேயே போட்டுவிடுகிறேன். பஸ் வந்துவிட்டது, கண்டக்டரிடம் இதைக் கொடுக்க வேண்டும். 'வந்துடுங்க' என்று ஒரு வரி எழுது, போதும்.

சுஹைல்