பின்னறைச் சுவரில் சிமெண்ட்

மருமகளுக்கு,

பழைய வீடுகளைக் காப்பாற்றுகிற ஆபீசிலிருந்து அந்த ஆள் பத்து மணிக்கு வருவான். பின்கதவுச் சாவி மீட்டர் பெட்டிமேல் இருக்கிறது. பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன். நான் வெளியே போகிறேன். இருந்தால் என் வாய் சும்மா இருக்காது.

பின்னறைச் சிமெண்டைக் கொத்தி எடுத்துப் பழையபடி சுண்ணாம்பு பூசினால்தான் பிள்ளையை அங்கே படுக்கவைக்க முடியும் என்றாய். "சுவர் மூச்சு விடணும் மாமா" என்றாய். "சுவத்துக்கு மூக்கா இருக்கு? வீட்டை இடிக்கத்தான் வழி பாக்குற" என்று கத்தினேன். அந்த ஆபீசுக்கு நீ எழுதிய மனுவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொன்னேன்.

இன்று காலையில் அலமாரியை நகர்த்தி, உளியால் ஒரு சாண் அளவு கொத்திப் பார்த்தேன். சிமெண்ட் பாறை மாதிரி நிற்கிறது. அதற்குப் பின்னால் பழைய செங்கல், வெளியேற வழியில்லாத ஈரத்தில் ஊறி, விரல் பட்டதும் உதிர்கிறது.

முன்னால் குடியிருந்தவர்கள் பூசியது என்று சொன்னேனே, அது பொய். நான்தான் பூசினேன். உன் மாமியாருக்கு அந்த அறையில் இருமல் வந்தது. ஈரம் உள்ளே வராமல் அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். அதன்பிறகுதான் இருமல் கூடியது. "தூசி ஒத்துக்கல, பேசாம படு" என்று அதட்டினேன். பதினொரு வருஷம், கடைசி மூச்சுவரை, அங்கேயே படுத்திருந்தாள்.

கையெழுத்துப் போட்ட தாள் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. பூசியது நான்தான் என்று அந்த ஆளிடம் சொல்லிவிடு. அவன் சொல்வதை எழுதி வாங்கு, வாய்ப்பேச்சை நம்பாதே.

அலமாரியைத் திரும்பத் தள்ளாதே. அவன் பார்க்கட்டும்.

இருமல் விஷயத்தை உன் புருஷனிடம் நீ சொல்ல வேண்டாம். சாயங்காலம் வந்து நானே சொல்கிறேன்.