செட்டல் சித்தப்பாவுக்கு

சித்தப்பா,

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, உங்கள் மூத்த மகன் குடும்பக் குழுவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான். ஆயர் குரோவில் வேலைக்குப் போகும் வழியில், நெடுஞ்சாலைச் சந்திப்பு நெரிசலில் கார் நின்றுகொண்டிருந்தபோது கேட்டேன். "எல்லாருக்கும் நன்றி. அப்பா காரியம்லாம் நல்லபடியா செட்டல்." பின்னால் நாற்காலிகளை அடுக்கும் சத்தம். அப்படியே உங்கள் குரல். உங்களை எரித்துக் கரைத்தாயிற்று. அந்தச் சொல் மட்டும் சாகவில்லை.

அன்று மதியம் தொழிற்சாலைக் கேண்டீனில் உட்கார்ந்து அந்த ஆங்கிலச் சொல்லுக்கு எத்தனை பொருள் என்று கைப்பேசியில் தேடினேன். ஓரிடத்தில் குடியேறுவது. வழக்கைத் தீர்ப்பது. பாக்கியைக் கொடுப்பது. தூசி படிவது. கலங்கிய தண்ணீர் தெளிவது. பறவை கிளையில் வந்து அமர்வதற்கும் அதே சொல்தானாம். நல்ல சொல்தான் சித்தப்பா. உங்கள் வாய்க்குள் போய்த்தான் கெட்டது.

மெர்லிமாவில் நம் தாமான் குடியிருப்புக்கே நீங்கள்தான் பஞ்சாயத்து. கோயில் கமிட்டித் தலைவர் வேறு. பந்தல் போட்டால் செட்டல், சமையல்காரர் ஒப்புக்கொண்டால் செட்டல், யார் மகனுக்கோ வேலை கிடைத்தால் அதுவும் செட்டல். கோயில் ஒலிபெருக்கி காதைக் கிழிக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொன்னபோது, அதை எதிர் வீட்டுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு "செட்டல்" என்றீர்கள். மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த பெரியவர் இறந்த வீட்டுக்குப் போய், அவர் மனைவியின் எதிரிலேயே, "பாவம், அவருக்கும் செட்டல் ஆயிருச்சி" என்று சொன்ன ஆள் நீங்கள். உங்கள் அகராதியில் அதற்கு ஒரே பொருள்தான்: இனி இதைப் பற்றி யாரும் என்னிடம் வந்து பேசாதீர்கள்.

எனக்குப் பதினேழு வயதில் அப்பா இறந்துபோனார். இரண்டு ஆண்டு கழித்து நீங்கள் மாப்பிள்ளை பார்த்தீர்கள். தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலுக்கு வேன் ஓட்டுகிறவர். தாலி ஏறியதும் என் தலையில் கை வைத்து, "இனிமே நீ செட்டல் மா" என்றீர்கள். நானும் நம்பினேன்.

மூன்றாம் ஆண்டு, சோறு குழைந்துவிட்டது என்று அவர் என்னைச் சுவரில் தள்ளியதில் இடது மணிக்கட்டு முறிந்தது. மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு, அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தேன். பிறகு இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினேன். மறுநாள் காலை பிள்ளைக்குச் சோறு ஊட்டி முடிப்பதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள்.

"என்ன பிள்ள, போலீசுக்கெல்லாம் போயிட்ட? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்றதுக்குள்ள கை ஒடஞ்சிருச்சி சித்தப்பா."

"சரி, சரி. மாப்பிள்ளகிட்ட பேசிட்டேன். ரொம்ப வருத்தப்படுறாரு. வா, போயி ரிப்போர்ட்ட வாபஸ் வாங்கிருவோம். குடும்பத்துக்குள்ள செட்டல் பண்ணிக்கலாம் லா."

அம்மா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டு, தேநீரில் எப்போதோ கரைந்துவிட்ட சீனியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

காவல் நிலையத்தில் இருந்த மலாய்ப் பெண் போலீஸ் உங்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான், உனக்குச் சம்மதமா என்று மலாயில் கேட்டார். பதில் சொன்னது நீங்கள். "போலே, போலே. சுடா செட்டல்." முடியும், முடியும், ஏற்கெனவே செட்டல். அவர் மறுபடியும் என்னைக் கேட்டார். நான் தலையாட்டிவிட்டு, நல்ல கையால் கையெழுத்துப் போட்டேன். அப்பா போன பிறகு வாரம் தவறாமல் எங்களுக்கு மீன் வாங்கி வந்து கொடுத்தவர் நீங்கள். அந்த மீன்தான் அன்று தலையாட்டியது. திரும்பும் வழியெல்லாம் வானொலியோடு சேர்ந்து பாடிக்கொண்டே கார் ஓட்டினீர்கள். அன்று மாலையே என்னையும் பிள்ளையையும் தஞ்சோங் கிளிங்கில் இறக்கிவிட்டு, உள்ளே வந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டீர்கள்.

உங்கள் செட்டல் நான்கு மாதம் தாங்கியது. ஐந்தாம் மாதம் அவர் பிள்ளையை ஓங்கி அறைந்தார். இந்த முறை நான் அம்மா வீட்டுக்கும் வரவில்லை, உங்களுக்குச் சொல்லவும் இல்லை. வேறொரு காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தேன். யார் தூது வந்தும் அதைத் திரும்பப் பெறவில்லை. ஆயர் குரோவில் வேலை தேடி, ஓர் அறை எடுத்து, பிள்ளையை வளர்த்தேன். விவாகரத்தும் கிடைத்தது. "திமிரு புடிச்சவ, நான் செட்டல் பண்ணி வச்சதக் கெடுத்துட்டா" என்று தாமான் முழுக்கச் சொன்னீர்கள். முதல் ஒன்பது ஆண்டுகள் உங்கள் வீட்டு விசேஷம் ஒன்றுக்கும் எனக்கு அழைப்பு இல்லை.

நீங்கள் சாவதற்கு ஒரு வாரம் முன் மருத்துவமனைக்கு வந்தேன். அம்மா கேட்டுக்கொண்டதால் வந்தேன். மருந்து கொடுக்க வந்த தமிழ் மிஸி, நான் யார் என்று கேட்டார். மெலிந்த கையால் என்னைக் காட்டி, "அண்ணன் மக. இவ வாழ்க்கைய நாந்தான் செட்டல் பண்ணி வச்சேன்" என்றீர்கள்.

சாகக் கிடக்கிறவரிடம் எதற்கு என்று வேறு யாராவது விட்டிருப்பார்கள். எனக்கு அந்தப் பெருந்தன்மை வரவில்லை.

"இல்ல மிஸி. இவரு என்னைய அடிச்சவன்கிட்டயே திருப்பி அனுப்பி வச்சாரு. நானாத்தான் வெளிய வந்தேன்."

மிஸி மாத்திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் சுவரிலிருந்த டிவியைப் பார்த்தீர்கள். அது அணைந்திருந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். அப்படி நின்றதற்காக இன்றும் என்மீதே எனக்கு எரிச்சல்.

உங்களிடமிருந்து எனக்கு எதுவும் ஒட்டவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் உங்கள் மகனின் செய்தி வந்த அதே நாள் மாலை, என் மகள் போனில் கூப்பிட்டாள். இப்போது யூனிவர்சிட்டியில் படிக்கிறாள், வார இறுதியில் ஒரு துணிக்கடையில் வேலை. "மா, கடையில சூப்பர்வைசர் கொஞ்சம் ஒரு மாதிரி நடந்துக்கிறாரு." நான் வேலை முடிந்து வந்த களைப்பில் குழம்பைத் தாளித்துக்கொண்டிருந்தேன். "நீயே பேசி செட்டல் பண்ணிக்க டா" என்றேன். "ம்ம், சரி மா" என்று வைத்துவிட்டாள்.

கரண்டி கையிலேயே இருந்தது. கடுகு கருகியது. இருபது ஆண்டாக நான் காறித் துப்பிய சொல், எவ்வளவு சுலபமாக என் வாயிலிருந்து வந்துவிட்டது சித்தப்பா. அடுப்பை அணைத்துவிட்டு உடனே திரும்பக் கூப்பிட்டேன். மூன்றாவது முறைதான் எடுத்தாள்.

"என்ன நடந்துச்சு? மொதல்லருந்து சொல்லு. அம்மா கேக்குறேன்."

நீங்கள் என்னிடம் ஒரு நாளும் கேட்காத கேள்வி அது. அவள் அழுதாள். பிறகு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.