ஆரஞ்சு வண்டியில் நம் நம்பர்

லண்டன்

வாப்பாவுக்கு ஹுமைதின் ஸலாம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உம்மா சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலம். போனில் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

செவ்வாயன்று ஒரு வேடிக்கை. கோடைக்கு நம் துபாய்க்காரர்கள் இங்கே கொண்டுவந்திருக்கும் கார்களில் ஒன்றில் நம் வண்டி நம்பர் 4114-ஐப் பார்த்தேன். நிலத்தைவிட விலை ஏறும் என்று ஏலத்தில் எடுத்து, யார் கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்தீர்களே, அதே நம்பர். நீங்கள்தான் வந்துவிட்டீர்கள் என்று பயந்து கவுண்டருக்குக் கீழே ஒளிந்துகொண்டேன். ஆமாம் வாப்பா, காப்பிக் கடைக் கவுண்டர். குளிர்காலத்திலேயே கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

எட்டிப் பார்த்தால் அது ஆரஞ்சு நிற ஸ்போர்ட்ஸ் கார். அதிலிருந்து இறங்கிக் காப்பி வாங்க வந்த பையனிடம் நம்பரைப் பற்றிக் கேட்டேன்.

"எங்க மாமா வாங்கினது. மகன் படிப்புக்குன்னு ஒருத்தர் வித்தாராம். ‘நம்பர் போனா போகுது, இதைவிட ஒசத்தியா ஒருத்தன் லண்டன்ல படிக்கிறான்’னாராம். குடுத்துவச்ச பய! நீ அவனைப் பாத்திருக்கியா?"

"பாத்ததில்ல" என்றேன். காப்பிக்குக் காசு வாங்க மனம் வரவில்லை.

மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்று கல்லூரியில் கேட்டிருக்கிறேன். உம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். வீட்டுப் பேரீச்சம்பழம் கொஞ்சம் அனுப்பினால் நல்லது. கடைக்கு ஆள் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள் வண்டியில் இப்போது என்ன நம்பர் என்று எழுதுங்கள். அடுத்த முறை பார்த்தால் ஒளிய மாட்டேன்.

உங்கள் ஹுமைத்