கடைசிப் பக்கத்துப் பென்சில் எழுத்து

என் பிரியமுள்ள ஜெயராணி மைனிக்கு,

சுகமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நீங்கள் போயிருக்கிற இடத்தில் சுகத்துக்கு என்ன குறை இருக்கப்போகிறது? அதனால் அதை விட்டுவிடுகிறேன். இங்கே அண்ணனுக்குச் சுகம்தான். டீயில் இப்போதும் மூன்று கரண்டி சீனி போடுகிறார். கேட்டால், "உனக்க மைனி இதுக்கு ஒண்ணும் சொன்னதில்ல பாத்துக்க" என்கிறார். நீங்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதைப் பக்கத்து வீட்டில் இருந்து கேட்டவள் நான். என்னிடமே இந்தக் கதை.

பெரிய சேதி நம் பள்ளிக்கூடத்து நூலகம்தான். நீங்கள் தமிழ் டீச்சராக இருந்துகொண்டே இத்தனை வருஷம் சாவி வைத்திருந்த அந்த அறை அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. ஜன்னல் ஓரத்தில் கம்ப்யூட்டர்கள், சுவரில் பெரிய திரை, பிள்ளைகள் கையில் டேப்லெட். ஒவ்வொரு புத்தகத்துக்கும் பார்கோடு ஒட்டி, சாஃப்ட்வேரில் ஏற்றுகிறோம். ஏற்றுவது யார்? கம்ப்யூட்டர் டீச்சர் நான்தான், வேறு யார். உங்கள் சாவியும் இப்போது என் பையில்தான் கிடக்கிறது.

நாம் இரண்டு பேரும் ஸ்டாஃப் ரூமில் சண்டை போட்டது ஞாபகம் இருக்கிறதா? "மைனி, நீங்க தமிழ்ப் புத்தகம் எடுத்துக் குடுக்கிறத இஷ்யூ ரிஜிஸ்டர்ல எழுதவே மாட்டேங்கியோ, நாளைக்கு யாராவது கேட்டா என்ன சொல்லுவியோ" என்றேன். நீங்கள் சோற்றுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே, "உனக்க ரிஜிஸ்டருக்கு எல்லா ஆளையும் தெரியுமா? தெரியாதுல்லியா. அப்போ சும்மா இரி" என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் உங்களோடு ஒரே பஸ்ஸில் வரவில்லை. அதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். எந்தப் புத்தகத்தைக் கடைசியாக எப்போது பிள்ளைகள் எடுத்தார்கள் என்று பட்டியல் போடச் சொன்னார் ஹெச்.எம். ஐந்து வருஷமாக யாரும் தொடாத புத்தகங்களை நீக்கிவிட்டு இடத்தை ஒழுங்குபடுத்த வேண்டும், அதுதான் ஏற்பாடு. நான் இஷ்யூ ரிஜிஸ்டரைத் திறந்து வைத்து நம்பர் நம்பராக அடித்தேன். மலையாளம் முடிந்தது, ஆங்கிலம் முடிந்தது. உங்கள் தமிழ் அலமாரிக்கு வந்தால் ரிஜிஸ்டரில் ஒரு வரி இல்லை. முந்நூற்றுச் சொச்சம் புத்தகத்துக்கும் நேராக "இல்லை, இல்லை" என்று நானே அடித்தேன் மைனி. இந்த விரல்தான் அடித்தது.

ஹெச்.எம். பட்டியலைப் பார்த்தார். அவர் நல்ல மனுஷர், உங்களுக்கே தெரியும். "ஷீபா டீச்சரே, ஆரும் எடுக்காத்த புஸ்தகம் எந்தினா?" என்றார். யாரும் தொடாதது எதற்காம். அந்த அலமாரி நின்ற இடத்தில் டேப்களைச் சார்ஜ் போடும் ஸ்டாண்டு வைக்கலாம் என்று அளந்தும் பார்த்துவிட்டார். வெள்ளிக்கிழமை அவர் நெய்யாற்றின்கரைக்கு ஆபீஸ் வேலையாகப் போகும்போது பட்டியலையும் கொண்டுபோவதாக முடிவு. எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. கணக்கு அப்படித்தானே சொல்கிறது என்று இருந்துவிட்டேன்.

அதற்கு முந்தின திங்கட்கிழமை இடைவேளையில் ஏழாம் வகுப்பு அனிலா வந்து வாசலில் நின்றாள். மலையாளம் மீடியம் பிள்ளை. பையில் இருந்து ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தது, உங்கள் கைவேலை.

"டீச்சரே, இத ஜெயராணி டீச்சருக்க கையிலதான் குடுக்கணும்னு அம்மை சொன்னாவ. டீச்சர் இல்லேல்லா. இனி யாருட்ட குடுக்கணும்?"

"உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா மக்கா?"

"எனக்குத் தெரியாது. இது அம்மைக்குள்ளதாக்கும்."

நீங்கள் போனதில் இருந்து எட்டு மாசமாக அந்தப் பிள்ளை அதைப் பையில் சுமந்திருக்கிறாள். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், வீட்டிலும் வைக்க மனமில்லாமல். வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பென்சிலில் உங்கள் எழுத்து. "அனிலாவுக்க அம்மை ரெஜினா" என்று எழுதி, தேதி போட்டு, கீழே இன்னொரு வரி: "போன புத்தகத்துக்கு அழுதாளாம். இதுல சிரிக்கட்டும்."

அலமாரியைத் திறந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தில் பெயர்கள். எல்லாம் அம்மைமார். நீரோடியில் பிறந்து, கேரள எல்லை தாண்டிப் பொழியூருக்குக் கல்யாணமாகி வந்தவர்கள், களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் படித்துவிட்டு உதியன்குளங்கரைக்கு வாழ வந்தவர்கள். படித்தது தமிழ், பெற்ற பிள்ளைகள் படிப்பது மலையாளம். வீட்டில் அவர்களுக்கு வாசிக்க ஒரு துண்டுத் தாள் கிடையாது. பள்ளிக்கூடப் புத்தகத்தை மாணவர்க்கும் ஆசிரியர்க்கும்தான் கொடுக்கலாம் என்பது சட்டம். அதனால்தான் ரிஜிஸ்டரில் எழுதவில்லை, இல்லையா? பிள்ளை பெயரில் பொய்யாக எழுதவும் உங்களுக்கு மனசு வரவில்லை. என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா மைனி? சொன்னால் சட்டம் பேசுவேன் என்று நினைத்தீர்களோ? பேசித்தான் இருப்பேன்.

"இவளுக்குக் கண்ணாடி மாத்தணும், பெரிய எழுத்துப் புத்தகம் பாக்கணும்." "மாமியார் திட்டுறாளாம், சின்னக் கதையா குடு." "இவளுக்குப் பேய்க்கதை ஆகாது." இப்படி வரிக்கு வரி. இந்தப் புத்தகம் பிடித்தால் அடுத்து இதைப் படியுங்கள் என்று காட்டுகிற வசதி சாஃப்ட்வேரில் உண்டு என்று எங்களுக்குப் பயிற்சியில் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். நீங்கள் அதை ஒரு பென்சிலை வைத்துச் செய்துகொண்டு இருந்திருக்கிறீர்கள்.

புத்தகங்களை ஹெச்.எம். மேசையில் கொண்டுபோய் அடுக்கினேன். கடைசிப் பக்கங்களைப் பார்த்தார். பிறகு, "ரிஜிஸ்டரில் இல்லாதது கணக்கில் வராதே டீச்சரே" என்றார். அன்றுதான் எனக்கு நம்முடைய பழைய சண்டைக்குப் பதில் கிடைத்தது. சாஃப்ட்வேரில் உறுப்பினர் வகை என்று ஒரு இடம் உண்டு. மாணவர், ஆசிரியர், அலுவலர் என்று மூன்று வைத்திருந்தோம். பக்கத்திலேயே ஒரு கூட்டல் குறி. அதை அழுத்தினால் நாலாவது வகை சேர்க்கலாம். ஹெச்.எம்மின் சம்மதம் வாங்கி, "அம்மை" என்று அடித்தேன். என் ரிஜிஸ்டரில் இடமில்லாத ஆட்களுக்கு இந்தப் பெட்டிக்குள் இடம் இருந்திருக்கிறது. முதல் உறுப்பினர் கார்டில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. தமிழ் எழுத்துரு போட்டபிறகு சரியாயிற்று.

வியாழக்கிழமை வரச் சொல்லிப் பிள்ளைகளிடம் சீட்டுக் கொடுத்தனுப்பினேன். மீன் விற்றுவிட்டு நேராக வந்தவர்களும் இருந்தார்கள். கையைத் திரும்பத் திரும்பக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். ரெஜினா தன் கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எனக்க பேருலயா டீச்சர்? பிள்ளைக்க பேருல இல்லியா?" என்றாள். ஆமாம் என்றேன். பிறகு அவள் அலமாரிக்குப் போய், பக்கத்தில் கிடந்த உங்கள் நாற்காலியைத் தொட்டுக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பட்டியலில் தமிழ்ப் பகுதியை ஹெச்.எம். தன் கையாலேயே கோடு போட்டு அடித்துவிட்டார். சார்ஜர் ஸ்டாண்டு வராந்தா பக்கத்து மூலைக்குப் போய்விட்டது.

இனி நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சரிபார்க்கும்போது ஒரே ஒரு தமிழ் நாவல் மட்டும் அலமாரியில் இல்லை. "எனக்க மைனிதான் எங்கேயோ தொலைச்சிருப்பாவ, அவ்வோ ஒண்ணையும் எழுதி வைக்க மாட்டாவ" என்று ஆபீஸில் எல்லார் முன்னாலும் சொன்னேன்.

சனிக்கிழமை வீட்டில் என் தையல் மெஷினின் இழுப்பறையில் ஊசி தேடினேன். துணித் துண்டுகளுக்கு அடியில், காலண்டர் தாள் அட்டைக்குள் அந்த நாவல். மூன்று வருஷம் முன்பு எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது, கட்டில் பக்கத்தில் நீங்கள் வைத்துவிட்டுப் போனது. உங்கள் சொந்தப் புத்தகம் என்றே நினைத்திருந்தேன். மாத்திரை மயக்கத்தில் தலைப்பைக்கூடப் பார்க்கவில்லை. பாதியில் ஒரு பக்கத்தை மடக்கி வைத்ததோடு சரி. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

"ஷீபா. மனசு சரியில்லாம கிடக்கா. மெதுவா வாசிக்கட்டும். திருப்பிக் கேக்கக் கூடாது."

மைனி, அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தீர்கள். தினமும் என் வீட்டுக்கு வந்தீர்கள். ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே.

திங்கட்கிழமை முதல் வேலையாக அதை ஏற்றினேன். நீங்கள் போட்ட தேதியையே போட்டேன். பொத்தானை அழுத்தியதும் தவணை தாண்டியவர்கள் பட்டியலில், சிவப்பு எழுத்தில், முதல் பெயராக என் பெயர் வந்து நின்றது. ஹெச்.எம். பார்த்துச் சிரித்தார். அழித்துவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

மடக்கி வைத்த பக்கத்தில் இருந்து நேற்றுத் தொடங்கினேன். கதை மறந்துபோயிருந்ததால் திரும்ப முதலில் இருந்து வாசிக்கிறேன். உங்கள் அம்மைமாருக்குப் புத்தகம் கொடுப்பதை நான் நிறுத்த மாட்டேன். யாருக்குப் பேய்க்கதை ஆகாது என்பதையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். இந்தப் புத்தகத்தையும் முடித்து, உங்கள் வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சரி போட்டு, அதன் இடத்தில் நானே கொண்டு வைக்கிறேன். மெதுவாகத்தான் வாசிப்பேன். நீங்கள்தான் கேட்க மாட்டீர்களே.

இப்படிக்கு,
சிவப்பு எழுத்தில் நிற்கும் உங்கள் நாத்தனார்,
ஷீபா