உன் நாற்காலியில் நான்

என் வீட்டுக்காரிக்கு,

நீ சொல்லிக்கொடுத்த எழுத்தில் நானே எழுதுகிறேன். கோணலாக இருந்தாலும் கூட்டிப் படி.

விடியலில் நம் மகன் அலுனிக் தோல்படகோடு பனிவிளிம்புக்குத் திமிங்கில வேட்டைக்குப் போனான். என் முழங்கால் வலியைக் காட்டி என்னை விட்டுப் போய்விட்டான். நீ ஆங்கரேஜ் மருத்துவமனையில் இருப்பதால், அவன் திரும்பும்வரை அசையாமல் உட்காரும் உன் வேலை இந்த வசந்தத்தில் எனக்கு. வீடு அமைதியாக இருந்தால்தான் திமிங்கிலமும் அமைதியாகப் படகருகே வரும் என்பாயே!

என்னால் முடியவில்லை. வெள்ளைத் திமிங்கிலங்கள் கூட்டமாகப் போகின்றனவாம், பார்க்க எழுந்தேன். சீல்கறிச் சாறு கொண்டுவந்த உன் தங்கை பிடித்துக்கொண்டாள்.

"அத்தான், அடுப்பு மேலயா உக்காந்திருக்கீங்க? நீங்க ஆடினா அங்க திமிங்கிலமும் ஆடும்!"

"உங்க அக்கா எப்படித்தான் இருந்தாளோ?"

"வாயையும் சேத்து மூடிக்கிட்டு இருந்தா."

கை மட்டும் அசைய அனுமதி வாங்கித்தான் இதை எழுதுகிறேன்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். ரேடியோவில் அலுனிக் கத்தினான். "அப்பா, திமிங்கிலம் கெடச்சிருச்சு! இப்ப ஆடுங்க!"

ஆடினேன். நாற்காலி கவிழ்ந்தது. திமிங்கிலம் கிடைத்ததை ஊருக்குச் சொல்லக் கூரையில் நம் கொடி பறக்கிறது.

அறுவைத் தையல் பிரியும் என்று மருத்துவர்கள் சொல்லியும் நீ கட்டிலைவிட்டு இறங்கி நடக்கிறாயாம். செவிலியர் தொலைபேசியில் சொன்னார். எங்களுக்காக இத்தனை வசந்தங்கள் அசையாமல் இருந்தவளே, உனக்காகக் கொஞ்ச நாள் இரு. அவர்கள் எழுந்திரு என்றதும் ஆடு.

உன் நாற்காலியை நிமிர்த்தி வைத்து, மறுபடி அதில் உட்கார்ந்திருப்பவன்.