ஆர் சொன்னது?

மே 6, செவ்வாய்

படகு வேலை கிடைத்துவிட்டது! ஒரு மாதம் சோதனை பார்த்துவிட்டுத்தான் சீசன் முழுக்க வேலை. ஆனாலும் கிடைத்துவிட்டது! காலை ஐந்தரைக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் நிற்க வேண்டும். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போகும் அபூதாஹிர் நானாவின் படகில் முன்னால் நின்று, திமிங்கிலம் எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஹோட்டல் வரவேற்பு மேசையில் ஏழு வருடம் சிரித்ததற்கு இது எவ்வளவோ மேல் என்று நினைக்கிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடிக்காமலே கேட்டார்: "இங்க திமிங்கிலம் இருக்கெண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

சீனன்குடாவில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்தவர். கையெழுத்தில்லாத எதையும் நம்பமாட்டார். எனக்கு இருபத்தொன்பது வயது, அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் தெரியாது.

மே 8, வியாழன்

கண்டேன்! முதல் நாளே! எங்கள் படகைவிட நீளமான முதுகு, நீலமுமில்லாமல் சாம்பலுமில்லாமல் ஒரு நிறம். மூச்சு விட்ட சத்தம் இப்போதும் காதுக்குள் நிற்கிறது.

ஆனால் நான்தான் முதலில் கண்டேன் என்று ஒருவருக்கும் தெரியாது. "நானா, அங்க ஏதோ ஊதுது எண்டு நினைக்கிறன்" என்று வாய்க்குள் முணுமுணுத்தேன். எல்லோரும் திரும்புவதற்குள் அது தாழ்ந்துவிட்டது. பிறகு நானாவே வேறொன்றைக் கண்டுபிடித்துக் காட்டினார்.

"தங்கச்சி, நீ நினைச்சு முடிக்கிறதுக்குள்ள அது முல்லைத்தீவுக்குப் போயிரும். படகு முனை பன்னிரண்டு மணி. அதுல இருந்து எத்தின மணிப் பக்கம் எண்டு கத்து. அவ்வளவுதான்."

மே 11, ஞாயிறு

இந்த 'என்று நினைக்கிறேன்' எங்கிருந்து ஒட்டிக்கொண்டது? தெரியாமல் என்ன.

ஒன்பது வயது. தம்பலகாமத்தில் ஒரு கல்யாணம். பஸ் ஆறு மணிக்கு என்று நான் சொன்னேன். அது ஐந்தரைக்கே போய்விட்டது. குடும்பமே வெளிக்கிட்டு றோட்டில் நின்றது. "இவளின்ர கதையைக் கேட்டால் நடுறோட்டிலதான் நிக்கவேணும்" என்றார் அப்பா. அன்றோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இருபது வருடமாக, வீட்டுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் அந்த பஸ் கதை தேநீரோடு சேர்த்துக் கொடுக்கப்படுகிறது.

அதிலிருந்துதான் இந்த வால். பிடிபட்டால் பல்லி மாதிரி வாலைப் போட்டுவிட்டு ஓடலாம்.

மே 15, வியாழன்

இன்று 'நினைக்கிறேன்' வால் ஐந்து. நானா விரல் மடித்து எண்ணுகிறார், பாவி!

மே 19, திங்கள்

கத்தினேன். "பதினொரு மணி!" அடிவயிற்றிலிருந்து வந்த கத்தல். நானா ஒரு வார்த்தை கேட்கவில்லை, படகைத் திருப்பினார். பன்னிரண்டு பேர் கமராவைத் தூக்கிக்கொண்டு எழும்பினார்கள்.

நீலப் பிளாஸ்ரிக் பெரல். மிதந்துவந்த வெறும் பீப்பாய்.

படகே சிரித்தது. நான் தோளை ஒடுக்கிக்கொண்டு நின்றேன், இப்போது ஏச்சு விழும், இப்போது விழும் என்று. நானா சொன்னது இவ்வளவுதான்: "பெரல். சரி, அடுத்தது எங்க?"

சரி, அடுத்தது எங்க! வீடு வரும்வரை இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். பிழை விட்டால் இவ்வளவுதானா? இதை ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை? அப்பா, ஒரு பஸ்தானே அப்பா. ஒரே ஒரு பஸ். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அடுத்த பஸ்ஸில போயிருக்கலாமே — போனனாங்கள்தானே! தாலி கட்டினதையும் பார்த்தனாங்கள்தானே!

அழுதேன். பிறகு சிரிப்பும் வந்தது.

ஜூன் 4, புதன்

"ரெண்டு மணி! தாயும் குட்டியும்!"

வால் இல்லை! கை நீட்டியபடியே நின்றேன். தாய்க்குப் பக்கத்தில் குட்டி எழும்பி மூச்சு விட்டது.

கரைக்கு வந்ததும் நானா சொன்னார்: "இனிச் சோதனை இல்ல. சீசன் முடியும்வரை நீதான் இந்தப் படகுக்குக் கண்."

இரவுச் சாப்பாட்டில் அப்பாவிடம் சொன்னேன்.

"குட்டியெண்டு ஆர் சொன்னது?"

"நான் சொல்றன். நான் கண்டனான்."

அப்பா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். நான் இன்னொரு முறை பிட்டுப் போட்டுச் சாப்பிட்டேன்.

ஜூன் 14, சனி

அப்பாவோடு வேலை செய்த தனஞ்சயன் மாமா வந்திருந்தார். நான் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"திருகோணமலையில திமிங்கிலமாம். உது வெள்ளைக்காரனை ஏய்க்கிற கதை."

"இல்லை. இருக்கு" என்றார் அப்பா.

"ஆர் சொன்னது?"

கரண்டி என் கையில் அப்படியே நின்றது.

"இவள் கௌசிகா சொன்னவள்."

"ஆர், அந்த ஆறு மணி பஸ்காரியோ?" மாமா சிரிக்கத் தொடங்கினார். அப்பா சிரிக்கவில்லை.

"ஓம் மாமா, அவளேதான்!" என்று குசினியிலிருந்தே சத்தமாகச் சொல்லிவிட்டு, சிரித்தபடி தேநீரைக் கொண்டுபோய் வைத்தேன்.

மாமா ஒரு வாய் குடித்துவிட்டுச் சீனி கேட்டார். போட மறந்திருக்கிறேன். அப்பாவின் கோப்பையிலும் சீனி இல்லை. அவர் சீனி கேட்காமலே முழுவதையும் குடித்தார்.